உட்லண்ட்ஸ் கண்ட கிருஷ்ண ராவ்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். புலவர் பெருமக்களையும் விடுதலை வீரர்களையும் அருளாளர்களையும் பற்றி முந்தைய மலர்களில் நம் அன்பர்கள் நன்கு எழுதியுள்ளனர். ஆதலின் இவ்வாண்டு அவ்வரிசையில் சேராத ஒருவரை எடுத்துக்கொண்டோம். அவர் கவி பாடியவர் அல்லர். சிறை சென்றவர் அல்லர். தமிழராய்ப் பிறந்தவரும் அல்லர். ஆயினும் தமிழ்நாட்டின் தலைநகரில் லட்சக்கணக்கான தமிழர்கள் அவர் விரித்த இலையில் உண்டனர். அவரே உட்லண்ட்ஸ் உணவு விடுதிகளை நிறுவிய திரு. கே. கிருஷ்ண ராவ் ஆவார்.

ஓட்டல் முதலாளி ஒருவரின் வரலாறு சங்க மலருக்கு ஏற்றதாகுமா என அன்பர்கள் சிலர் வினவக்கூடும். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இதனினும் ஏற்ற வரலாறு வேறில்லை என்பது எம் துணிபு. புது ஊருக்கு வருபவன் முதலில் தேடுவது தன் நாவுக்குப் பழகிய உணவு கிடைக்கும் கடையையே. கோயிலையும் பள்ளியையும் சங்கத்தையும் அதற்குப் பின்னரே தேடுகிறான். உடும்பஞ்சோலை மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்கு ஏறிவந்த நம் முன்னோரும் அவ்வாறே வந்தனர். தென் கன்னடத்துச் சிற்றூரிலிருந்து சென்னைக்கு வந்த கிருஷ்ண ராவும் அவ்வாறே வந்தார். வந்த இடத்தில் பசித்து நின்ற அவர், பின்னர் வந்தோர்க்கெல்லாம் சோறிட்டார் என்பதே அவர் வரலாற்றின் சுருக்கம்.

பிறப்பும் இளமையும்

கிருஷ்ண ராவ் 1898-ஆம் ஆண்டில் உடுப்பியை அடுத்த கடந்தலே என்னும் சிற்றூரில் எளியதோர் அந்தணக் குடும்பத்தில் பிறந்தார். அப்பகுதி அந்நாளில் சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டமாக விளங்கிற்று. உடுப்பி என்றதும் நம் நினைவுக்கு வருவது அங்குள்ள கண்ணபிரான் திருக்கோயில். மத்துவாசாரியர் நிறுவிய அக்கோயிலின் பூசை உரிமையை எட்டு மடங்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறை மாறி மாறி ஏற்று நடத்துகின்றன. பூசையுடன் அடியார்க்கு அன்னமிடும் கடமையும் அம்மடத்தைச் சேரும். நாள்தோறும் பெருந்திரளான மக்களுக்குச் சமைத்துப் பரிமாறும் வழக்கம் நூற்றாண்டுகளாக அங்கு நிலவியதால், பேரளவில் சுவை குன்றாமல் சமைக்கும் திறமும், பாத்திரத்தையும் இடத்தையும் தூய்மையாய் வைத்திருக்கும் ஒழுங்கும் அவ்வூரார்க்கு மரபுச் செல்வமாய் அமைந்தன.

ஆயினும் மரபுச் செல்வம் வயிற்றை நிரப்பிவிடவில்லை. மழை மிகுந்து நிலம் குறைந்த அந்நாட்டில் சிறுவர் பலர் பத்து வயது நிரம்பும் முன்னரே பிறர் வீட்டு வேலைக்கும் சமையல் வேலைக்கும் அனுப்பப்பட்டனர். கிருஷ்ண ராவின் இளமையும் அவ்வாறே கழிந்தது. பள்ளிப் படிப்பு அவருக்கு மிகுதியாய் வாய்க்கவில்லை. குறைந்த கூலிக்குப் பிறர் அடுப்படியில் உழைத்து, அந்த அடுப்படியையே தம் பள்ளியாகக் கொண்டார்.

சென்னைக்கு வந்த வழி

இருப்புப் பாதையில் ஊழியம் புரியும் எமக்கு இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனம் இல்லை. மங்களூருக்கு இருப்புப் பாதை வந்தது 1907-ஆம் ஆண்டில். உடுப்பிக்கோ 1990-களில் கொங்கண் இருப்புப் பாதை அமைக்கப்பட்ட பின்னரே புகைவண்டி வந்தது. ஆகவே அந்நாளில் தென் கன்னடத்தார் சென்னைக்கு வரவேண்டுமாயின் மங்களூரில் வண்டியேறி, மலையாளக் கடற்கரை வழியே சொரனூர் வந்து, ஒலவக்கோட்டையும் பாலக்காட்டுக் கணவாயையும் கடந்தே வரவேண்டும். சென்னை, கோவை, சேலம் ஆகிய நகரங்களின் ஓட்டல் அடுப்புகளை ஏற்றிய கைகள் பல, இன்று பாலக்காடு சந்திப்பு என வழங்கும் நம் நிலையத்தைக் கடந்து சென்றவையே.

1920-களின் தொடக்கத்தில் கிருஷ்ண ராவ் சென்னை வந்தார். சார்ச்சு டவுனில் ஆச்சாரப்பன் தெருவில் இருந்த ஓர் ஓட்டலின் சமையற்கட்டில் அவருக்கு வேலை கிடைத்தது. அந்நாளைய சமையற்கட்டு எத்தகையது என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும். மாவரைக்கும் இயந்திரம் அப்போது இல்லை. கோயம்புத்தூரில் அஃது உருவானது 1950-களில்தான். முதல் நாள் மாலையே அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றிச் சுற்றி அரைத்து, உப்பிட்டுக் கலந்து, இரவு முழுவதும் புளிக்கவிடுவர். விடியும் முன் எழுந்து விறகடுப்பு மூட்டி, கொப்பரையில் இட்டிலி அவித்து, காபிக் கொட்டையை வறுத்துப் பொடித்து, டிக்காஷன் இறக்கி வைத்தால்தான் ஆறு மணிக்குக் கடை திறக்க இயலும். மாவரைத்தவனின் உள்ளங்கை கொப்புளித்துக் காய்த்துப் போகும். இரவில் அவன் உறங்குமிடம் பகலில் வாடிக்கையாளர் அமர்ந்த அதே பலகை. கிருஷ்ண ராவ் முதலாளியானது இவ்வேலைகள் யாவற்றையும் தம் கையாற் செய்த பின்னரே.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் தகாது. தென் கன்னடத்திலிருந்து நாடெங்கும் பரவிய ஓட்டல் தொழில், பெருமளவு சிறுவர்களின் உழைப்பின்மேல் எழுந்தது. பம்பாயில் ஓட்டல் பையன்களுக்காகக் கன்னட இரவுப் பள்ளிகள் நடத்தப்பட்டன என்பதே அதற்குச் சான்று. பதினான்கு வயதுக்குட்பட்டோரை உணவு விடுதிகளில் வேலைக்கு அமர்த்தலாகாது என்று நடுவண் அரசு தடை செய்தது 2006-ஆம் ஆண்டில்தான். அத்தகைய சிறுவருள் ஒருவர் உயர்ந்ததை நாம் போற்றுகிறோம். உயர இயலாமல் எச்சில் இலை எடுத்தே முதுமை எய்திய ஆயிரவரையும் நினைவிற் கொள்ளுதல் நம் கடன்.

முதற் கடை

அவருடைய உழைப்பையும் நாணயத்தையும் கண்ட முதலாளி, அத்தெருவிலேயே இருந்த கடை ஒன்றை மாதத் தவணையில் விலை செலுத்தும் ஏற்பாட்டில் அவருக்கு விட்டுக்கொடுத்தார். கையில் முதல் இல்லாதவனுக்குத் தவணை என்பது எத்துணைப் பெரிய உதவி என்பதை மாதச் சம்பளக்காரராகிய நாம் அறிவோம். கடனை அடைத்துக் கடையைத் தமதாக்கிக் கொண்ட கிருஷ்ண ராவ், 1920-களின் பிற்பகுதியில் மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ் என்னும் பெயரில் ஓட்டலைத் தொடங்கினார்.

அவர் தொடங்கிய காலமும் தொழிலுக்கு வாய்ப்பானதாய் இருந்தது. அதற்கு முன் வெளியூரிலிருந்து சென்னை வந்தவர்கள் உறவினர் வீட்டிலோ சத்திரத்திலோ உண்டனர். காசு கொடுத்துச் சோறு உண்பதும், காசு வாங்கிச் சோறு போடுவதும் இழிவெனக் கருதிய காலம் அது. நகரம் வளர வளர அவ்வெண்ணம் தளர்ந்தது. உயர்நீதி மன்றமும் துறைமுகமும் வங்கிகளும் வாணிகக் கழகங்களும் ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்களை நாட்டுப்புறத்திலிருந்து இழுத்தன. 1931-இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியதும், தொலைவில் குடியிருந்து நகரில் பணிபுரிவோர் பெருகினர். காலை எட்டு மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டு மாலை ஏழு மணிக்குத் திரும்பும் ஒருவனுக்கு நடுவில் ஒரு டிபனும் ஒரு காபியும் இன்றியமையாதன ஆயின. அத்தேவையை உடுப்பி ஓட்டல் நிறைவு செய்தது. விலை பலகையில் எழுதியிருக்கும். கேட்டது ஐந்து நிமிடத்தில் வரும். உண்டவர் பில்லைக் கல்லாவில் கொடுத்துக் காசு செலுத்திவிட்டுப் போகலாம். யார் எவர் என்னும் வினாவுக்கு அங்கே வேலை குறைவு.

பந்தியும் பலகையும்

வேலை குறைவு என்றோமே தவிர, வேலை இல்லை என்று கூறவில்லை. அக்காலத்து ஓட்டல்கள் பலவற்றில் அந்தணர்க்கு ஓரிடமும் ஏனையோர்க்கு வேறிடமும் ஒதுக்கப்பட்டன. தாழ்த்தப்பட்ட மக்களுக்கோ உள்ளே இடமே இல்லை. எம் துறையாகிய புகைவண்டி நிலையங்களிலும் உணவறைகள் அவ்வாறே பிரிக்கப்பட்டிருந்தன. பெரியார் ஈ.வெ.ரா. அவர்களின் இடைவிடாத எதிர்ப்பின் விளைவாக 1941-இல் தென்னக நிலையங்களில் அப்பாகுபாடு நீக்கப்பட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்புச் சட்டத்தின் பதினைந்தாம் விதி, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுத்தலாகாது என வெளிப்படையாகக் கூறிற்று. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-இல் இயற்றப்பட்டது. அதன் பின்னும் பெயர்ப் பலகைகளிற் சாதிப் பெயர் இருந்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றதும், இறுதியில் அச்சொல் பலகையினின்று அகன்றதும் சென்னை நகர வரலாற்றில் பதிந்தவை.

இப்பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் 1938-இல் கிருஷ்ண ராவ் செய்த காரியத்தின் பொருள் விளங்கும். இராயப்பேட்டையில் அரச குடும்பத்தார்க்குரிய மாளிகை ஒன்று பரந்த தோட்டத்தின் நடுவே இருந்தது. அம்மாளிகையின் பெயர் உட்லண்ட்ஸ். அதைக் குத்தகைக்கு எடுத்துத் தங்கும் அறைகளும் உணவுக் கூடமும் கொண்ட விடுதியாக அவர் மாற்றினார். சென்னையில் அக்காலத்துப் பெரிய தங்கும் விடுதிகள் வெள்ளையருக்கும் மேல்நாட்டு முறையில் உண்போர்க்கும் உரியனவாய் இருந்தன. மரக்கறி உண்ணும் குடும்பத்தார் மனைவி மக்களுடன் கௌரவமாய்த் தங்கித் தம் வழக்கப்படி உண்பதற்கேற்ற பெரிய விடுதி அரிதாய் இருந்தது. உட்லண்ட்ஸ் அக்குறையை நீக்கிற்று. திருமணத்துக்கும் வழக்குக்கும் மருத்துவத்துக்கும் சென்னை வந்த வெளியூர்க் குடும்பங்கள் அதனை நாடின.

அப்பெயரில் நாம் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஊர்ப் பெயரும் தெய்வப் பெயரும் சாதிப் பெயரும் பலகையில் எழுதுவது ஓட்டல் உலகின் வழக்கம். கிருஷ்ண ராவோ பழைய மாளிகையின் பெயரையே விடுதிக்கு வைத்தார். மரங்கள் அடர்ந்த நிலம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. அப்பெயரைப் படிப்பவன் தனக்கு அங்கே இடம் உண்டா இல்லையா என்று தயங்குவதற்குக் காரணம் எதுவும் அப்பலகையில் இல்லை. அவர் இதனை எண்ணியே செய்தார் என்று நாம் வாதிடவில்லை. எண்ணாமற் செய்திருப்பினும் காலத்துக்கேற்ற செயலாயிற்று என்பதே எம் கருத்து.

போரும் பங்கீடும்

விடுதி தொடங்கிய மறு ஆண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1942 ஏப்பிரலில் சப்பானியர் தாக்குவர் என்னும் அச்சத்தால் சென்னை மக்களிற் பெரும்பகுதியினர் நகரைவிட்டு வெளியேறினர், புகைவண்டிகள் நிரம்பி வழிந்தன, தெருக்கள் வெறிச்சோடின. பருமா சப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பின்னர் நகரில் அரிசிப் பங்கீடு வந்தது. இட்டிலியும் தோசையும் சோறும் அரிசியாலாயவை. அரிசியே அளந்து கிடைத்த காலத்தில் சிற்றுண்டிக் கடை நடத்துவது எத்துணை இடர் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பெங்களூரில் அரிசிக்கு மாற்றாக ரவையைக் கொண்டு இட்டிலி செய்யும் முறை அக்காலத்திற்றான் பரவிற்று. இன்று நாம் விரும்பிக் கேட்கும் ரவா இட்டிலி பஞ்சத்தின் குழந்தை என்பதை அறிவோர் சிலரே.

இராசாசி அவர்கள் சென்னை மாநில முதலமைச்சராய் இருந்தபோது 1952-இல் உணவுக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதே ஆண்டில் கிருஷ்ண ராவ், எட்வர்டு எலியட்ஸ் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் விடுதியைத் தொடங்கினார். அச்சாலை பின்னர் டாக்டர் இராதாகிருட்டிணன் சாலை எனப் பெயர் பெற்றது. திருமண மண்டபமும் தங்கும் அறைகளும் உணவுக் கூடங்களும் கொண்ட அவ்விடுதி சென்னையின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. பெங்களூர் முதலிய பிற நகரங்களிலும் உட்லண்ட்ஸ் என்னும் பெயர் பரவிற்று. இலண்டன் போன்ற கடல் கடந்த நகரங்களிலும் அப்பெயர் தாங்கிய உணவு விடுதிகள் எழுந்தன. அவற்றுள் மசால் தோசை உண்ட வெளிநாட்டுத் தமிழர், தம் தெருமுனையையே கண்டாற்போல் மகிழ்ந்தனர்.

அவர் ஒருவரே இத்துறையில் உழைத்தார் என்று கொள்ளுதல் பிழை. தாசப்பிரகாஷ் நிறுவனரான சீதாராம ராவ் 1954-இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பெருவிடுதி கண்டார். பம்பாய் மாதுங்காவில் இராம நாயக் 1942-இல் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண போர்டிங், அங்கு வாழ்ந்த தென்னாட்டாருக்கு இலைச்சோறு அளித்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1951-இல் எழுந்த புகாரி ஓட்டல் புலால் உணவு விரும்புவோரை ஈர்த்தது. இவ்வாறு பல கைகள் கூடியே ஒரு நகரத்தின் நாவை வளர்த்தன.

எல்லை பிரிந்த நாள்

1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் நமக்கு மறக்கவியலாத நாள். அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் உடும்பஞ்சோலையும் அடங்கிய மலைநாடு கேரளத்தோடு நின்றது. அதுவரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்திற் சேர்ந்திருந்த பாலக்காடும் கேரளத்துக்குச் சென்றது. ஊரைவிட்டு ஓரடியும் நகராமலே நம் மூத்தோர் பலர் அன்று முதல் வேறு மாநிலத்தவர் ஆயினர்.

அதே நாளில் தென் கன்னட மாவட்டம் சென்னை மாநிலத்தினின்று பிரிந்து மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. கிருஷ்ண ராவ் பிறந்த ஊர் ஒரு மாநிலம், அவர் பிழைத்த ஊர் வேறு மாநிலம் என்றாயிற்று. மாகாணத்தின் ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்கு வந்தவர், அன்று முதல் வெளி மாநிலத்தார் எனப்பட்டார். ஆயினும் சென்னை மக்கள் அவர் கடையைக் கன்னடக்காரர் கடை என்று ஒதுக்கவில்லை; உடுப்பி ஓட்டல் என்பதையே தமிழ்ச் சொற்றொடராக்கிக் கொண்டனர். அவரும் சென்னையை விட்டு அகலவில்லை. வந்தாரும் இருந்தாரும் இவ்வாறு ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொண்டதை, எல்லையோரத்தில் வாழும் நாம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் எண்ணிப்பார்த்தல் நன்று.

மரநிழலில் ஓர் உணவுச்சாலை

கிருஷ்ண ராவின் பெயரை அடுத்த தலைமுறையினர் உள்ளத்தில் நிறுத்தியது 1962-இல் அவர் கதீட்ரல் சாலையில் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஆகும். வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் வசமிருந்த நிலத்தில், பெருமரங்களின் நிழலில் அது அமைந்தது. மோட்டார் வண்டியில் வருவோர் வண்டியைவிட்டு இறங்காமலே உண்ணலாம். பணியாளர் தட்டை வண்டிக்கே கொண்டுவந்து பொருத்துவர். வண்டியில்லாதார் உள்ளே மேசையில் அமர்ந்து உண்ணலாம். அமெரிக்க நாட்டு முறையை நம் இட்டிலிக்கும் காபிக்கும் பொருத்திய அப்புதுமை மக்களைக் கவர்ந்தது. மாணவரும் எழுத்தாளரும் திரைத்துறையினரும் விற்பனைப் பிரதிநிதிகளும் ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அங்கே அமர்ந்திருந்தனர். எழுந்து போகுமாறு அவர்களை எவரும் விரட்டவில்லை என்பதே அவ்விடத்தின் பெருமையாகப் பேசப்பட்டது.

அவ்விடத்தைப் பற்றி எம் குடும்பத்துச் செய்தி ஒன்றுண்டு. எம் பாட்டனார் போடிமெட்டு வழியாய் மலையேறி ஏலத்தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். 1950-களின் நடுவில் ஒரு நாள், சிறுவராயிருந்த எம் தந்தையாரை அழைத்துக்கொண்டு மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஓர் ஓட்டலுக்குச் சென்றாராம். உள்ளே அமரவிடாமல் வாயிலுக்கு வெளியே நிற்கவைத்துத் தனிக் குவளையில் காபி ஊற்றினராம். குடித்தபின் குவளையைத் தாமே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தனராம். எம் பாட்டனார் அதன்பின் எந்த ஓட்டலிலும் கால் வைக்கவில்லை. பயணம் போனால் சோற்றைத் துணியிற் கட்டிக்கொண்டே போவார்.

பின்னாளில், 2004-ஆம் ஆண்டில், எம் தந்தையாரைக் கண் மருத்துவத்துக்காகச் சென்னைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவம் முடிந்து திரும்புகையில் டிரைவ்-இன் வாயிலை அடைந்தபோது அவர் நின்றுவிட்டார். உள்ளே நாம் போகலாமா என்பதுபோல் எம் முகத்தைப் பார்த்தார். ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த ஐயம் அவரை விட்டு நீங்கவில்லை. கையைப் பற்றி உள்ளே அழைத்துச் சென்று மேசையில் அமர்த்தினோம். பணியாளர் வந்து, ஐயாவுக்கு என்ன வேண்டும் என வினவினார். எம் தந்தையார் நெடுநேரம் விடை கூறவில்லை. பின்னர்க் கேசரி வேண்டும் என்றார். வந்த கேசரியை முகர்ந்து பார்த்து, இது நம் மலை ஏலக்காய் என்று மகிழ்ந்து சொன்னார். அது மெய்யாக நம் மலையதோ அன்றோ, யாம் அறியோம். அன்று அவர் முகத்தில் இருந்த நிறைவை யாம் மறந்ததில்லை.

மறைவும் மறையாததும்

கிருஷ்ண ராவ் 1990-ஆம் ஆண்டில் தொண்ணூறு கடந்த முதுமையில் இயற்கை எய்தினார். ஆட்டுக்கல்லின் முன் தொடங்கிய வாழ்வு, பல நூறு குடும்பங்களுக்கு ஊதியம் அளிக்கும் நிறுவனங்களைக் கண்டபின் நிறைவுற்றது. டிரைவ்-இன் நின்ற நிலம் அரசின் வசமானதால் அது 2008-இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் அமைக்கப்பட்ட செம்மொழிப் பூங்கா 2010-இல் திறக்கப்பட்டது. பழைய மரங்களிற் பல இன்றும் அங்கே நிழல் தருகின்றன. இதற்கிடையில் சென்னையின் உணவுக் கடைகள் எண்ணிறந்தனவாய்ப் பெருகிவிட்டன. 1981-இல் கலைஞர் கருணாநிதி நகரில் தொடங்கிய சரவண பவன், கிருஷ்ண ராவ் தலைமுறையார் வகுத்த வழியிலேயே உலகெங்கும் கிளைத்தது. தெருவோரத்துக் கையேந்தி பவன்களோ பலகையும் பந்தியும் இன்றி எல்லோரையும் ஒருசேர நிற்கவைத்து உண்பிக்கின்றன.

நம் பகுதிக்குத் திரும்புவோம். பாலக்காட்டை அடுத்த இராமசேரி இட்டிலியின் புகழ் இன்று நாடறிந்தது. மண்பானையின் வாயில் கட்டிய வலையின்மேல் துணி விரித்து மாவை ஊற்றி, விறகடுப்பில் அவித்தெடுக்கும் தட்டையான அவ்விட்டிலியைச் செய்பவர்கள், பல தலைமுறைகளுக்கு முன் காஞ்சிபுரத்திலிருந்து குடியேறிய முதலியார் குடும்பத்தார். நெசவு குறைந்தபோது இட்டிலி அவர்களைக் காத்தது. கேரளத்தார் அதனைத் தம் நாட்டு உணவென்றே பெருமை பேசுகின்றனர். ஊர்விட்டு வந்தவரின் கைச்சுவை புகுந்த ஊரின் பெருமையாவதற்கு இதனினும் அண்மைச் சான்று வேறென்ன வேண்டும்?

உடும்பஞ்சோலை வட்டத்தில் நெடுங்கண்டம், பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு என எந்தக் கடைத்தெருவுக்குச் சென்றாலும் ஒரே மேசையில் புட்டும் கடலையும் ஒரு பக்கம், இட்டிலியும் சாம்பாரும் மறுபக்கம் இருக்கக் காணலாம். கப்பையும் மீன்கறியும் உண்ணும் மலையாளியும், தோசைக்குக் காரச் சட்டினி கேட்கும் தமிழரும் தோளுரசி அமர்ந்துள்ளனர். விடியற்காலையில் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் சீப்பு வண்டிகளில் மலையேறும் தோட்டத் தொழிலாளப் பெண்கள் தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவருகின்றனர். கட்டஞ்சாயாவுக்கு மட்டும் கடையில் நிற்கின்றனர். மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் வந்த இருப்புப் பாதை, அகலப் பாதையாக்கும் பணிக்காக 2010-இன் இறுதியில் மூடப்பட்டு, 2023-இல் மீண்டும் வண்டி கண்டது. இடுக்கி மாவட்டத்தில் இன்றளவும் புகைவண்டி நிலையம் இல்லையாதலின், நம் மலைக்கு வருவோர் பலர் போடியில் இறங்கியே ஏறுகின்றனர். அவர்களை எதிர்கொள்ளும் முதல் இடம் நம் மலைப்பாதையின் சாயாக்கடைகளே.

ஆதலின் நம் சங்கத்தாருள் உணவுக்கடை நடத்தும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கடை சிறிதாயினும் ஆகுக. பெயர்ப் பலகை எளிதாயினும் ஆகுக. படியேறி வருபவன் எந்த மொழியினன், எந்தக் குலத்தவன், எந்தத் தோட்டத்துக் கூலி என்று நோக்காது, அமருமாறு கூறி ஒரே வகைக் குவளையில் ஒரே அளவில் ஊற்றுங்கள். நம் பாட்டன்மார் வாயிலுக்கு வெளியே நின்று குடித்த கசப்பை நாம் பிறருக்கு அளித்தலாகாது. இன்று நம் மலைக்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் இளைஞர்கள் தோட்ட வேலைக்கு வருகின்றனர். நம் மூத்தோர் வந்து நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர்.

மாவரைத்த கையால் மாளிகை கண்ட கிருஷ்ண ராவ், புது ஊரில் பசித்தவனுக்கு அமர்ந்துண்ண ஓரிடம் வேண்டும் என்பதை நன்கறிந்திருந்தார். அப்பெருமகனாரின் நினைவைப் போற்றி, அவர் அறிந்ததை நாமும் மறவாது நடப்போமாக!

வாழ்க அவர் புகழ்! வளர்க நம் சங்கம்!